மலையக வீட்டுக்குத் துவக்குப் பெட்டி: தெரிவு செய்வது முதல் துருப்பிடிக்காமல் காப்பது வரை

கொழும்புக் கடையில் துவக்குப் பெட்டி விற்பவர் முதலில் கதவைத் தட்டிச் சத்தம் காட்டுவார். அடுத்து, தீ தாங்கும் என்று ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைக் காட்டுவார். கந்தப்பளையிலோ பொகவந்தலாவையிலோ அதே பெட்டி என்ன பாடு படப்போகிறது என்பது அவருக்குத் தெரியாது. நுவரெலியா நகரம் கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியஸ் அளவு. மழை மாதங்களில் சுவரே வியர்க்கும். ஈரத்தோடு உள்ளே போன துவக்கு, நன்றாக மூடும் பெட்டிக்குள் வெளியே கிடப்பதைவிட வேகமாகத் துருப்பிடிக்கும்.

ஆகவே இங்கே ஒரு பெட்டிக்கு மூன்று வேலை. பிள்ளைகளின் கைக்கு எட்டவிடக் கூடாது. அலவாங்கோடு வருபவனைத் தாமதப்படுத்த வேண்டும். உள்ளே இருப்பதை ஈரமில்லாமல் உலர்வாக வைத்திருக்க வேண்டும். முதல் இரண்டையும் காசு கொடுத்து வாங்கலாம். மூன்றாவது உங்கள் கையில்தான் இருக்கிறது.

காட்டுப்பன்றிக்காக லைசன்ஸ் எடுத்த மரக்கறித் தோட்டக்காரர், பங்களாவில் ஒன்றிரண்டு துவக்கு வைத்திருப்பவர் ஆகியோரை மனதில் வைத்தே இதை எழுதுகிறோம். மிருகம் வரும் வழியில் கட்டிவைக்கும் சட்டவிரோதக் கட்டுத்துவக்குக்காரருக்கு இதில் ஒன்றும் இல்லை.

லைசன்ஸும் இலக்கமும்

இலங்கையில் துவக்கு வைத்திருப்பது 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்க சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருகிறது. அனுமதிப்பத்திரத்தை வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். பயிர்ப் பாதுகாப்புக்கான துவக்கு என்றால் மாவட்டச் செயலகம், தனிப்பட்ட பாதுகாப்புக்கானது என்றால் பாதுகாப்பு அமைச்சு. பெட்டி வாங்கும் முன்பே துவக்கின் தொடர் இலக்கத்தையும் லைசன்ஸ் இலக்கத்தையும் எழுதி, லைசன்ஸின் போட்டோப் பிரதியோடு வேறு இடத்தில் வையுங்கள். களவு போனால் பொலிஸில் முதலில் கேட்பது இதைத்தான். அந்தத் தாளையும் துவக்கோடு பெட்டிக்குள்ளேயே வைத்தால் இரண்டும் சேர்ந்தே போய்விடும்.

அளவு

துவக்கை வெறுமையாக்கி, திறந்து பார்த்து உறுதி செய்துகொண்டு, தோளில் வைக்கும் மரக்கட்டையின் அடியிலிருந்து குழல் நுனிவரை அளந்து எழுதுங்கள். 30 அங்குலக் குழல் உள்ள பன்னிரண்டு போர் (குழல் விட்டத்தின் அளவு) ஒற்றைக் குழல் துவக்கு ஏறத்தாழ 46 அங்குலம், அதாவது 117 சென்ரிமீற்றர் வரும். பெட்டியின் உள் உயரம் இதைவிடக் குறைந்தது 10 சென்ரிமீற்றர் கூடுதலாக இருக்க வேண்டும். விளம்பரத்தில் போடுவது பெரும்பாலும் வெளி உயரம். கீழே போடும் பஞ்சும் மேல் தட்டும் போக மிஞ்சுவது எவ்வளவு என்று நாடாவை உள்ளே விட்டே பாருங்கள்.

ஒரே ஒரு துவக்குக்காக, மூன்று துவக்கு கொள்ளும் பெட்டியை வாங்குவது வீண் செலவல்ல. குழல் சுவரில் முட்டாமல் நிற்கவும் நடுவில் காற்று ஓடவும் அந்த இடம் வேண்டும். "ஐந்து துவக்குக்கு" என்று எழுதியிருந்தால் மூன்று என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

தகடு, கதவு, பிணைச்சல்

தகட்டுக் கணக்கைக் கடைக்காரர் கேஜில் சொல்வார், நீங்கள் மில்லிமீற்றரில் கேளுங்கள். கேஜ் இலக்கம் கூடக் கூடத் தகடு மெலியும். பிரித்தானிய அளவில் 18 கேஜ் என்றால் 1.2 மி.மீ., 14 கேஜ் 2 மி.மீ., 10 கேஜ் 3.25 மி.மீ. அலுவலக அலுமாரித் தகடு 1 மி.மீ. பக்கம்தான் இருக்கும். திருப்புளி போதும், அதைக் கிழித்துவிடலாம். 2 மி.மீ.க்குக் கீழே எதையும் பார்க்க வேண்டாம். 3 மி.மீ. இருந்தால் நிம்மதி.

எடையை வைத்துச் சரிபார்க்கலாம். 140 சென்ரிமீற்றர் உயரம், 35 அகலம், 30 ஆழம் உள்ள பெட்டியின் ஆறு பக்கமும் சேர்ந்து 2 சதுர மீற்றர். 3 மி.மீ. தகடு என்றால் வெறும் தகடே 48 கிலோ. 2 மி.மீ. என்றால் 32 கிலோ. அந்த அளவுப் பெட்டியை 3 மி.மீ. என்று சொல்லி விற்பவர், தூக்கும்போது 30 கிலோதான் இருக்கிறது என்றால் பொய் சொல்கிறார். 48 கிலோவும் இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போகும் பாரம்தான் என்பதை மறக்க வேண்டாம். சுவரில் பொல்ட் போடாத பெட்டி, திருடனுக்கு நீங்கள் கட்டிக் கொடுத்த பார்சல்.

கதவில் பார்க்க வேண்டியவை மூன்று. முதலாவது, கதவுக்கும் சட்டத்துக்கும் இடையிலான இடைவெளி. அலவாங்கின் நுனி நுழையக் கூடாது. ஒரு பழைய ஒரு ரூபாய்க் குத்தியைச் செருகிப் பாருங்கள், போனால் வேண்டாம். இரண்டாவது, பூட்டும்போது சட்டத்துக்குள் போகும் உருளைக் கம்பிகள். 16 மி.மீ.க்குக் குறையாத தடிப்பில், குறைந்தது மூன்று, 20 மி.மீ. உள்ளே போக வேண்டும். மூன்றாவதைத்தான் பலரும் கவனிப்பதில்லை: பிணைச்சல் பக்கம். வெளியே தெரியும் பிணைச்சலை கிரைண்டரால் அறுத்துவிட்டால் கதவு கழன்றுவிடுமா? அந்தப் பக்கத்திலும் அசையாத கம்பிகளோ, நீளமான இரும்புச் சட்டமோ சட்டத்தின் பின்னால் போய் மாட்டினால் கழலாது. கடையில் கதவைத் திறந்து, பிணைச்சல் பக்க விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். வழவழ என்று வெறும் தகடாக இருந்தால் அடுத்த பெட்டிக்குப் போங்கள்.

தரச் சான்று இருந்தால் நல்லது. துவக்குப் பெட்டிக்கென்றே உள்ள பிரித்தானியத் தரம் பீ.எஸ். 7558. ஐரோப்பியப் பெட்டிகளில் ஈ.என். 14450 என்று இருக்கலாம். அமெரிக்காவின் யூ.எல். என்ற பரிசோதனை நிறுவனத்தின் முத்திரை ஒட்டிய வீட்டுப் பெட்டி என்றால், அடிப்படைத் தரத்தில் கைக்கருவிகளோடு ஐந்து நிமிடம் தாக்கியும் திறக்கவில்லை என்று பொருள். ஐந்து நிமிடம்தான், அதுவும் கிரைண்டர் இல்லாமல். எந்த வீட்டுப் பெட்டியும் கிரைண்டருக்கு முன் அதிக நேரம் நிற்காது. நாய் குரைக்கும், பக்கத்து வீட்டுக்குச் சத்தம் கேட்கும் இடத்தில் வைப்பதும் பாதுகாப்பின் ஒரு பங்கு.

ஹட்டனிலோ பதுளையிலோ நல்ல வெல்டிங் கடையில் செய்விப்பதும் மோசமில்லை. பல இறக்குமதிப் பெட்டிகளைவிட அது நன்றாகவே வரும், சொல்ல வேண்டியதைச் சொன்னால். 3 மி.மீ. தகடு. மூலைகளில் புள்ளி புள்ளியாக அல்ல, முழு நீளத்துக்கும் வெல்டிங். கதவின் நாலு விளிம்பையும் 25 மி.மீ. உள்ளே மடிக்க வேண்டும், இல்லாவிட்டால் கதவு வளையும். பூட்டுக்கு முன்னால் 6 மி.மீ. தகடு ஒன்றை உள்பக்கமாக ஒட்ட வேண்டும், டிரில் அதில் திணறும். முதுகுத் தகட்டில் நாலு பொல்ட் துளை, ஒவ்வொன்றைச் சுற்றியும் ஒரு சாண் அகலத்துக்கு 6 மி.மீ. துண்டு. பிறகு உள்ளும் புறமும் இரண்டு கோட் துருத் தடுப்புப் பிரைமர், மேலே இனாமல். பெயின்ற் காய்ந்ததுபோல் தெரிந்தாலும் கதவைத் திறந்துபோட்டு இரண்டு வாரம் விடுங்கள். மணம் போகுமுன் துவக்கை வைத்தால் கட்டையின் வார்னிஷ் ஒட்டிப் பிடிக்கும்.

பூட்டு: சாவியா, இலக்கமா, விரலா

மலையகத்துக்கு எங்கள் முதல் தெரிவு சாவிப் பூட்டு. ஏழு லீவர், இரண்டு பக்கமும் பல் உள்ள நீளச் சாவி. கரண்டும் வேண்டாம், பற்றரியும் வேண்டாம். வருடத்துக்கு ஒருமுறை கிரஃபைற் தூள் போட்டால் போதும். எண்ணெய் விட வேண்டாம், குளிரில் தூசியோடு சேர்ந்து களியாகிவிடும். சாவிப் பூட்டின் குறை சாவியேதான். அலுமாரியின் மேலும் சாமிப் படத்தின் பின்னும் தேடாத பிள்ளையும் இல்லை, திருடனும் இல்லை. சாவி உங்கள் இடுப்பில் இருக்க வேண்டும். மாற்றுச் சாவி வீட்டிலேயே இருக்கக் கூடாது. வங்கிப் பெட்டகம் நல்ல இடம்.

இலக்கம் அழுத்தும் மின்பூட்டு பரவாயில்லை, ஆனால் மலிவானதை வாங்க வேண்டாம். மலிவுப் பெட்டிகளில் உள்ளே ஒரு சிறிய மின்காந்த ஊசிதான் கைப்பிடியைத் தடுத்து நிற்கும். பெட்டியின் தலையில் குத்திக்கொண்டே கைப்பிடியைத் திருப்பினால் அந்த ஊசி துள்ளும், கதவு திறக்கும். கடையிலேயே செய்து பாருங்கள், கடைக்காரர் கோபித்தால் விடை கிடைத்துவிட்டது. இரண்டாவது ஓட்டை, பிளாஸ்ரிக் மூடியின் கீழ் ஒளித்திருக்கும் அவசரச் சாவித் துளை. அந்தச் சின்னப் பூட்டு பெரும்பாலும் மேசை லாச்சிப் பூட்டின் தரம்தான். பல பெட்டிகள் 1-5-9 என்ற தொழிற்சாலை இலக்கத்தோடு வருகின்றன. வாங்கிய அன்றே மாற்றுங்கள், கதவைத் திறந்து வைத்தபடியே மூன்றுமுறை புதிய இலக்கத்தைப் பரீட்சித்த பிறகுதான் மூடுங்கள். அல்கலைன் பற்றரியை டிசம்பரில் மாற்றிவிடுங்கள். ஈரத்தில் பழைய பற்றரி ஒழுகி இணைப்பைப் பச்சையாக்கும்.

விரலடையாளப் பூட்டு இங்கே ஒத்துவராது. மண்வெட்டியும் உரமும் பிடித்துத் தேய்ந்த விரல், மழையில் நனைந்து சுருங்கிய விரல், இரண்டையும் அது அடையாளம் காணாது.

தீ

தீத்தாங்கும் பெட்டியின் சுவருக்குள் ஜிப்ஸம் போன்ற பொருள் இருக்கும். சூடேறும்போது அதிலுள்ள நீர் ஆவியாகி உள்ளே குளிர்ச்சி தரும். காகிதத்துக்கான அமெரிக்கத் தரம், குறித்த நேரம்வரை உள்வெப்பம் 177 பாகையைத் தாண்டாது என்பது. நல்ல ஏற்பாடு, ஆனால் அந்த நீர் சாதாரண நாட்களிலும் சுவருக்குள்ளேதான் இருக்கிறது. நமது காலநிலையில் அது துவக்குக்குத் துரு. உறுதிப்பத்திரம், பிறப்புச் சான்றிதழ், சேமலாப நிதித் தாள்கள் ஆகியவற்றுக்குத் தனியாக ஒரு சின்னத் தீத்தாங்கும் பெட்டகம் வாங்குங்கள், தாள்களை ஜிப் பையில் போட்டு வையுங்கள். துவக்குக்கு வெறும் இரும்புப் பெட்டி போதும்.

எங்கே வைப்பது

குசினி வேண்டாம், விறகுப் புகையும் நீராவியும். குளியலறைச் சுவர் வேண்டாம். கணப்படுப்புக்குப் பக்கத்திலும் வேண்டாம்: இரவில் சூடு, விடியலில் குளிர், அந்த ஏற்றஇறக்கத்தில்தான் இரும்பில் நீர் படியும். வெளிச்சுவரையும் தவிருங்கள். ஹட்டன், கினிகத்தேனைப் பக்கம் தென்மேல் பருவமழை மே முதல் செப்டம்பர் வரை மேற்குச் சுவரை ஊறவைக்கும். பதுளை, வெலிமடைப் பக்கம் வடகீழ் மழை வருட முடிவில் வரும். எந்தப் பக்கம் மழை அடிக்கிறது என்று உங்கள் சுவரின் பாசியே காட்டும்.

படுக்கையறையின் உள்சுவர் மூலை நல்லது. பிணைச்சல் பக்கமல்லாமல் கதவு திறக்கும் பக்கம் சுவரை ஒட்டியிருந்தால், அலவாங்கை நெம்ப இடமிருக்காது. திறந்து துவக்கை எடுக்க உங்களுக்கு இடமிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பொல்ட் போடுவது

1. தரையில் பெட்டியின் அளவுக்கு 75 மி.மீ. உயரக் கொங்கிறீற்றுத் திட்டு போடுங்கள், அடியில் தடித்த பொலித்தீன். தரையின் ஈரம் மேலேறாது. மூன்று வாரம் இறுகவிடுங்கள். பழைய பங்களாவில் பலகைத் தரை என்றால் திட்டு வேண்டாம், பலகையில் பொல்ட் போடுவதும் பயனில்லை, சுவரையே நம்புங்கள்.

2. சுவர் எதனால் ஆனது என்று பாருங்கள். செங்கல் என்றால் துளை கல்லின் நடுவில் விழ வேண்டும், சாந்தில் விழக் கூடாது. பழைய கருங்கல்லும் சுண்ணாம்புச் சாந்துமான சுவரில் விரிந்து பிடிக்கும் பொல்ட் பிடிக்காது. அதற்கு எப்பொக்ஸிப் பசையில் பதிக்கும் கம்பிப் பொல்ட். உள்ளே பொந்துள்ள சீமெந்துக் கல்லில் விரியும் பொல்ட் கல்லையே பிளக்கும். அங்கே பொந்தைக் கொங்கிறீற்றால் நிரப்பிப் பிறகு பதியுங்கள்.

3. பெட்டியை நிறுத்தி, நீர்மட்டம் பார்த்து, உள்ளிருந்து துளைகளைக் குறியுங்கள். சுவர் விளிம்பிலிருந்து குறைந்தது 10 சென்ரிமீற்றர் தள்ளி.

4. 10 மி.மீ. ராவல் பொல்ட்டுக்கு (விரிந்து பிடிக்கும் பொல்ட்) 16 மி.மீ. துளை. பொல்ட்டின் உறையைவிடச் சற்று ஆழமாக. துளைத்த தூளை ஊதியும் பிரஷ் போட்டும் எடுங்கள். பொல்ட் சுற்றிக்கொண்டே இருந்து இறுகாமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் இந்தத் தூள்தான்.

5. பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் தடித்த பொலித்தீன் ஒன்றை விரித்து, அகலமான வொஷர் போட்டு உள்ளிருந்து இறுக்குங்கள். பொல்ட் தலை வெளியே இருந்தால் ஸ்பானர் கொண்டுவந்தவனுக்குப் பெட்டி சொந்தம்.

6. இரண்டு பேர் சேர்ந்து மேல் விளிம்பைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். அசைந்தால் கழற்றி, வேறிடத்தில் புதிதாகத் துளையுங்கள். அதே துளையில் சீமெந்து அடைத்துச் சமாளிக்க வேண்டாம்.

ஈரம்

கணக்கிலிருந்து தொடங்குவோம். நாம் சொன்ன அளவுப் பெட்டியின் உள்வெளி 147 லீற்றர். 16 பாகையில், 90 வீத ஈரப்பதத்தில் அந்தக் காற்றிலுள்ள நீர் 2 கிராமுக்கும் குறைவு. அரைத் தேக்கரண்டி கூட இல்லை. அப்படியென்றால் துரு எங்கிருந்து வருகிறது? துவக்கோடு உள்ளே போகும் துணி உறை, பஞ்சு, நனைந்த கட்டை, கதவு இடுக்கு வழியாக நாள்தோறும் புகும் புதுக் காற்று. இவற்றை விட்டுவிட்டு ஈரம் உறிஞ்சும் ஒரு சின்னச் சிலிக்காப் பையைத் தொங்கவிட்டால், அது மூன்று நாளில் நிறைந்துவிடும்.

ஆகவே முதலில் உறை வெளியே. துவக்கைத் துணி உறையிலோ தோல் உறையிலோ பெட்டிக்குள் வைக்கவே கூடாது. தோலைப் பதப்படுத்திய அமிலமும் ஈரமும் சேர்ந்து குழலில் அதே வடிவத்தில் துருப் படம் வரையும். கதவைச் சுற்றி ஒட்டும் ரப்பர் பட்டி அடுத்து. சாவித் துளையில் சின்ன மூடி.

பிறகு ஓர் ஈரமானி. மலிவானதே போதும், ஆனால் சரிபாருங்கள்: ஒரு போத்தல் மூடியில் உப்பைப் போட்டு, சேறுபோல் ஆகுமளவு தண்ணீர் சொட்டி, ஈரமானியோடு ஜிப் பையில் எட்டு மணி நேரம் மூடி வையுங்கள். 75 வீதம் காட்ட வேண்டும். 80 காட்டினால் உங்கள் மானி 5 கூட்டிச் சொல்கிறது. உள்ளே இருக்க வேண்டியது 45 முதல் 55. 60ஐத் தாண்டினால் துரு வேகமெடுக்கும். 40க்குக் கீழே போனால் கட்டை வெடிக்கும், ஆனால் நுவரெலியாவில் அந்தக் கவலை யாருக்கும் வரப்போவதில்லை.

காய வைக்க இரண்டு வழி. கரண்ட் உள்ள இடத்தில் அடித்தட்டில் வைக்கும் சூட்டுத் தண்டு: 18 வாட் தண்டு நாள் முழுக்க எரிந்தால் மாதம் 13 யூனிற். அது நீரை அகற்றாது, காற்றைச் சூடாக்கி ஈரப்பதத்தைக் குறைக்கும். 16 பாகையில் 90 வீதமாயிருந்த காற்று 20 பாகையானால் 70 வீதம், 22 பாகையானால் 62. மழை மாதத்தில் தண்டு மட்டும் போதாது என்பது இதிலேயே தெரிகிறது. வயர் போகும் துளைக்கு ரப்பர் வளையம் போடுங்கள், இரும்புப் பெட்டியை எர்த் பண்ணுங்கள், ட்ரிப் சுவிட்ச் உள்ள சுற்றிலேயே கொடுங்கள். குண்டு பல்ப்பை எரியவிடும் பழைய வழக்கம் வேண்டாம், துணி பட்டால் பற்றும்.

மற்றது சிலிக்கா ஜெல். இந்தப் பெட்டிக்கு அரைக் கிலோ, துளையிட்ட தகர டப்பாவில், நடுத்தட்டில். செம்மஞ்சளிலிருந்து பச்சையாகும் வகையை வாங்குங்கள். நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாகும் வகையில் கோபால்ற் உப்பு இருக்கிறது, பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு ஆகாது. நிறம் மாறியதும் தட்டில் ஒரு விரல் தடிப்புக்குப் பரப்பி, கேக் சுடும் அவனில் 120 பாகையில் இரண்டு மணி நேரம் வையுங்கள். ஆறும்போது மூடியுள்ள தகரத்தில் ஆறவிடுங்கள். திறந்த தட்டில் ஆறவிட்டால் குசினியின் ஈரத்தையெல்லாம் குடித்துவிட்டுத்தான் பெட்டிக்குத் திரும்பும். அரிசியும் கரியும் பெரிதாக உதவாது. உப்பை இரும்புக்குப் பக்கத்தில் கொண்டுபோகவே வேண்டாம்.

உள்ளே வைக்கும் முறை

பனிமூட்டத்தில் தோட்டத்திலிருந்து வந்த குளிர்ந்த துவக்கில், கண்ணாடியில் மூச்சு விட்டதுபோல் நீர் படியும். உடனே பெட்டிக்குள் தள்ள வேண்டாம். வெறுமையாக்கி, துடைத்து, அறைச் சூட்டுக்கு வரும்வரை உங்கள் கண்முன் ஒரு மணி நேரம் வைத்துவிட்டு, குழலின் உள்ளும் புறமும் மெல்லிய துவக்கு எண்ணெயை ஒரு துணியால் ஒரே படலமாகப் பூசுங்கள். தேங்காய் எண்ணெய் குளிரில் உறையும், பிறகு பிசினாகும். ஈரத்தை விரட்டும் ஸ்ப்ரே அன்றைக்கு நல்லது, மாதக் கணக்கில் காக்காது. பூசியபின் வெறுங்கையால் குழலைத் தொடாதீர்கள், விரல் வியர்வையின் உப்பு அடுத்த வாரம் கைரேகையாகவே துருப்பிடித்து நிற்கும். குழல் கீழ்நோக்கி நின்றால் மிகுதி எண்ணெய் கட்டைக்குள் இறங்காது.

தோட்டா வேறு பெட்டியில், வேறு சாவியில். அந்தப் பெட்டி மெல்லிய தகரமோ மரமோ ஆக இருக்கட்டும். தடித்த இரும்பில் காற்றுப் புகாமல் அடைத்தால், தீப்பிடிக்கும்போது அழுத்தம் கூடி ஆபத்து பெரிதாகும். மடியும் துவக்கு என்றால் முன்கட்டையைக் கழற்றி மூன்றாவது இடத்தில் வைக்கலாம். அது இல்லாத துவக்கு திருடனுக்கும் பெரிய பயனில்லை.

வீட்டில் ஒருவர் மனமுடைந்து போயிருக்கும் காலத்தில் பெட்டியின் பூட்டை மட்டும் நம்ப வேண்டாம். சாவி அவருக்குத் தெரியாத கைக்குப் போகட்டும், துவக்கை வீட்டிலிருந்து அகற்றுவது பற்றிப் பொலிஸ் நிலையத்தில் கேளுங்கள். 1926 என்ற தேசிய மனநல இலக்கத்துக்கு எந்த நேரத்திலும் அழைக்கலாம்.

ஏதாவது பிழைத்தால்

கதவு மழைக்காலத்தில் மட்டும் இறுகினால் பெட்டி வளையவில்லை, தரை இறங்கியிருக்கிறது. நீர்மட்டம் வைத்துப் பாருங்கள். குழலில் ஒரு பக்கம் மட்டும் துரு என்றால் அந்தப் பக்கம் பஞ்சில் சாய்ந்திருக்கிறது, பஞ்சைக் கிழித்துவிட்டு மரத்தாங்கி வையுங்கள். சிலிக்கா வாரத்துக்கு ஒருமுறை நிறம் மாறினால் கதவு ரப்பரில் இடுக்கு இருக்கிறது: உள்ளே ஒரு டோர்ச்சை எரியவிட்டு, அறையை இருட்டாக்கி, எங்கே வெளிச்சம் கசிகிறது என்று பாருங்கள். முதுகுத் தகட்டில் மட்டும் வியர்வை என்றால் சுவரில்தான் நோய். பெட்டியை வேறு சுவருக்கு மாற்றும்வரை எந்தச் சிலிக்காவும் அதைத் தீர்க்காது.

லைசன்ஸ் புதுப்பிக்கப் போகும் டிசம்பரிலேயே பொல்ட்டுகளை ஒரு சுற்று இறுக்கி, ரப்பரையும் பற்றரியையும் மாற்றி, இலக்கம் எழுதிய தாளில் அந்த வருடத் திகதியையும் போட்டுவிடுங்கள்.